வேம்பிற் பழகிய புழு



தாம்பரத்தை அடுத்த ஒரு சிவாலயத்தின் முன்மண்டபத்தே, சென்ற திங்களிற் பிரதோட நாளன்று யாம் நிகழ்த்திய சொற்பொழிவின் பொருளை ஈண்டுச் சிறிது விரித்தும் திருத்தியும் எழுதப் புகுகின்றேம். அன்று கேட்டோருட் சிலர், இது சித்தாந்த ஆராய்ச்சிக்குரிய பொருளன்று எனக் கருதினர். கைப்பேசியும் அதன்கண் ஓடும் சமூக ஊடகங்களும் உலகியலார் பேசற்குரியனவேயன்றிப் பதி பசு பாசம் என்னும் முப்பொருளை ஆராய்வார் பேசற்குரியனவோ என்பது அவர்தம் வினா. பாசத்தின் இயல்பறியாது பதியை அடைதல் கூடாது. நம் காலத்து உயிர்களைப் பெரிதும் பிணிக்குங் கயிறு யாது என்றறியாது பாசத்தை ஆராய்தலோ ஏட்டளவேயாய் முடியும். ஆதலின் இது நாம் பேசற்குரியதே என்பது எம் துணிபு.

காலை எட்டு மணியளவில் தாம்பரத்தினின்று சென்னைக் கடற்கரை நிலையத்துக்குச் செல்லும் மின்சார வண்டியில் ஏறி நோக்குமின். 1931ஆம் ஆண்டில் இவ்விருப்புப்பாதையில் மின்சார வண்டி ஓடத் தொடங்கிற்று. யாம் இளமையில் இதிற் சென்ற நாட்களிற் பூத்தொடுக்கும் பெண்டிரையும், செய்தித்தாளைப் பகுத்துப் படிக்கும் எழுத்தரையும், சாளரத்தருகமர்ந்து திருமுறை முணுமுணுக்கும் முதியோரையும், வீண்வம்பு பேசுவோரையும் ஒருங்கு கண்டேம். இன்று அப்பெட்டியில் நூற்றுவர் நின்றாலும் பேச்சொலி அரிது. தலைகளெல்லாம் கவிழ்ந்துள்ளன, கட்டைவிரல்கள் மட்டும் கீழிருந்து மேலாகத் தள்ளிக்கொண்டிருக்கின்றன. வண்டி தாம்பரம் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் கடந்து திரிசூலத்தை அணுகும்போது, அங்குள்ள குன்றுகளினிடையே சோழர் காலத்துத் திருக்கோயில் கொண்டு எழுந்தருளியிருக்கும் பெருமானை நினைந்து ஒரு கை குவியக் காண்டல் அரிதாயிற்று. குவிதற்குக் கை ஒழிவில்லை.

இதனை யாம் பிறரைப் பழித்தற்குக் கூறினேமல்லேம். பழிக்கத்தக்காருள் யாமும் ஒருவர் என்பது பின்னர் விளங்கும்.

முதற்கண் நோய் இன்னதென வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். நெடும்பொழுது கைப்பேசியை நோக்குதல் ஒன்றானே ஒருவன் நோயுற்றான் என்றல் ஆகாது. வெளிநாட்டிலுள்ள மகனோடு பேசுந் தாயும், கைப்பேசி கொண்டே தொழில் செய்து பிழைக்கும் ஏழையும் நோயுற்றாரல்லர். உலக சுகாதார நிறுவனத்தாரின் 11ஆம் நோய்வகைப்பாடு 2022ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நடைமுறையில் உள்ளது. அதன்கண் மின்னணு விளையாட்டின்பாற்பட்ட அடிமைநிலை ஒரு நோயாக வைத்தெண்ணப்பட்டது. சமூக ஊடக அடிமைநிலை அங்ஙனம் தனியே வைத்தெண்ணப்பட்டிலது. அதனைத் தனிநோய் என்னலாமோ என்பதில் மருத்துவரிடையே இன்னும் ஒருமைப்பாடில்லை. எனினும் விளையாட்டு நோய்க்கு அவர் கூறிய குறிகள் மூன்றும் இதற்கும் பொருந்தும் அளவைகளாகக் கொள்ளத்தக்கன. தொடங்குதலும் நிறுத்துதலும் தன்வயத்த அல்லவாதல் ஒன்று. உணவு, உறக்கம், கல்வி, சுற்றம் ஆகியவற்றினும் அதுவே முதன்மையுறுதல் இரண்டு. தீங்கு விளைதலைக் கண்கூடாகக் கண்டுவைத்தும் விடாது தொடர்தல் மூன்று. இம்மூன்றும் ஒருவன்பால் நெடுநாள் நிலைபெறின் அவனை நோயாளன் என்று இரங்குதலே முறை. தீயன் என்று வெறுத்தல் முறையன்று.

இனி, இந்நோய் விளையுமாறு காண்பாம். பி. எப். ஸ்கின்னர் என்னும் அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்து ஆராய்ந்தார். கொத்துந்தோறும் தவறாது இரை பெறும் புறாவினும், எப்பொழுது இரை வரும் என்றறியாவண்ணம் சிலபொழுது பெற்றும் சிலபொழுது பெறாதும் நிற்கும் புறா, இரை நின்ற பின்னரும் நெடிது கொத்திக்கொண்டிருத்தலை அவர் கண்டார். அவரும் பெர்ஸ்டர் என்பாரும் இவ்வாராய்ச்சியை 1957ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர். கைப்பேசியைக் கையிலெடுப்பான் நிலையும் இதுவேயாம். பத்துக் காட்சிகளில் ஒன்பது சுவையற்றன. பத்தாவது ஒன்று இனிக்கின்றது. அவ்வொன்று எப்பொழுது வரும் என்றறியாமையே அவனைக் கட்டுகின்றது.

பக்கத்துக்கு முடிவிருந்தால் அம்முடிவில் மனம் சற்றே நின்று, போதும் எனத் தேறும். அம்முடிவையும் நீக்கினர். உருட்ட உருட்ட ஒழியாது வந்துகொண்டேயிருக்கும் பக்கத்தை 2006ஆம் ஆண்டில் வகுத்த ஆசா ராஸ்கின் என்பார், அதன் விளைவு கண்டு வருந்துதலைப் பின்னர்த் தாமே வெளிப்பட உரைத்தார். 2009ஆம் ஆண்டிற் பேஸ்புக்கில் விருப்பக்குறி புகுந்தது. ஒருவன் கூறியதனை எத்துணையர் விரும்பினர் என்பது அன்று தொட்டு எண்ணாகி அவன் கண்முன் நின்றது. அந்நிறுவனத்தின் முதற்றலைவராயிருந்த ஷான் பார்க்கர் 2017ஆம் ஆண்டில், மக்கள் மனத்தின் மென்மையான ஓரிடத்தை அறிந்தே தாம் பயன்படுத்திக்கொண்டதாக ஒப்புக்கொண்டார். வலை விரித்தோரே வலையென்று கூறியபின் நாம் வேறு சான்று தேடல் வேண்டா.

அம்மென்மையான இடம் யாது? ஈண்டே நம் சாத்திரம் துணைசெய்யும். உயிர் தனித்து நிற்கும் இயல்புடையதன்று. யாதானும் ஒன்றனைச் சார்ந்து, சார்ந்ததன் வண்ணமாய் நிற்பதே அதன் இயல்பு. படிகம் தன்னை அடுத்த செம்மலரின் நிறத்தையும் நீலமலரின் நிறத்தையும் தன்நிறம்போற் காட்டுதலை நம் ஆசிரியர் எடுத்துக்காட்டுவர். சினமூட்டும் காட்சியைச் சார்ந்து ஒருகணம் சினமாகியும், நகையூட்டும் காட்சியைச் சார்ந்து மறுகணம் நகையாகியும், பிறர் செல்வத்தைக் கண்டு அடுத்தகணம் அழுக்காறாகியும் நிற்கின்ற உயிர், ஒருநாழிகைப் பொழுதில் நூறு நிறம் கொள்கின்றது. கைப்பேசியைக் கீழே வைத்தபின் அவனை நோக்கி, நீ கண்டதென்னை என்று வினவின் அவனாற் கூறவியலாது. இன்பமும் இல்லை, அறிவும் இல்லை, ஓய்வும் இல்லை, அயர்ச்சியொன்றே எஞ்சுகின்றது.

அற்றேல் கைப்பேசி மாயையின் காரியமாதலின் அதனை முற்றும் வெறுத்தொதுக்குக எனின், அது சித்தாந்தமாகாது. மாயை உயிர்க்குப் பகையாகத் தரப்பட்டதன்று. ஆணவ இருளிற் கிடக்கும் உயிர்க்குப் பொழுது புலருங்காறும் உதவும் கைவிளக்காகவே தனு கரண புவன போகங்களை இறைவன் அருளினான் என்பது நம் கொள்கை. கைப்பேசியும் அத்தகையதொரு விளக்கே. அதனாற் பன்னிரு திருமுறையையும் சட்டைப்பையிற் கொண்டு செல்கின்றோம். கனடாவிலுள்ள ஈழத்து அன்பர் சிதம்பரத்திலுள்ளாரோடு அமர்ந்து பாடங் கேட்கின்றார். விளக்கிற் குற்றமில்லை. விளக்கைக்கொண்டு வழியைக் காணவேண்டியவன் விளக்கின் சுடரையே உற்றுநோக்கி நிற்பானாயின், கண் கூசி, முன்னிருந்த இருளினும் மிக்க இருளில் வீழ்வான். யான் எனது என எழும் ஆணவத்துக்கு விருப்பக்குறியின் எண் இடையறாத உணவாதலின், மாயையாகிய விளக்கு மலவிருளை நீக்குதற்கு மாறாக அதனை வளர்க்கக் காண்கின்றோம்.

இனி, அரசு தடுத்தால் நோய் நீங்காதோ என்பார் உளர். அண்மையில் நிகழ்ந்ததொன்றை நோக்குவோம். 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 3ஆம் நாள் உயர்நீதிமன்றத்தின் மதுரைக்கிளை, டிக்டாக் என்னும் செயலியைப் பதிவிறக்கஞ் செய்தலைத் தடுக்குமாறு ஆணையிட்டது. அவ்வாணை அத்திங்கள் 24ஆம் நாள் விலக்கிக்கொள்ளப்பட்டது. அடுத்த ஆண்டு சூன் 29ஆம் நாள் மத்திய அரசு, நாட்டின் பாதுகாப்பைக் காரணங்காட்டி, அச்செயலியுள்ளிட்ட 59 செயலிகளைத் தடைசெய்தது. கைகள் வெறுமையுற்றனவோ? இல்லை. அடுத்த திங்களிலேயே இன்ஸ்டாகிராம் தன் ரீல்ஸ் என்னும் குறுங்காட்சிகளை இந்நாட்டிற் புகுத்திற்று. யூடியூபும் தன் குறுங்காட்சிகளோடு பின்வந்தது. பற்றப்பட்ட பொருள் போயிற்று. பற்று அவ்வண்ணமே நின்று வேறொன்றைப் பற்றிற்று.

திருக்கோயிலுள்ளும் இதுவே நிகழ்கின்றது. மதுரைத் திருக்கோயிலில் 2018ஆம் ஆண்டிற் கைப்பேசி தடைசெய்யப்பட்டது. 2022ஆம் ஆண்டு திசம்பரில் உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டுத் திருக்கோயில்கள் பிறவற்றினும் அங்ஙனஞ் செய்யப் பணித்தது. திருமுன்னர் நின்று தம்மையே படம்பிடிப்பாரைத் தடுத்த அவ்வாணையை யாம் உளமார வரவேற்றேம். ஆயினும் வாயிலிற் கைப்பேசியை ஒப்படைத்து உட்சென்ற அன்பருட் சிலர், வலம்வருதலை விரைந்து முடித்து, அடையாளச் சீட்டைக் கையிற் பிடித்தவண்ணம் வாயிலுக்கே மீள்வதனையும் கண்டேம். கைப்பேசி வாயிலிற் கிடந்தது. மனமும் அதனருகே கிடந்தது. ஆத்திரேலியா 2025ஆம் ஆண்டு திசம்பர் 10ஆம் நாள் முதல் 16 ஆண்டு நிரம்பாச் சிறாரைச் சமூக ஊடகங்களினின்று விலக்கியுள்ளது. இளம்பயிர்க்கு வேலி வேண்டும் என்பதை யாம் மறுக்கின்றேமல்லேம். வேலி பயிரைக் காக்கும். பயிரை விளைவிப்பது நீரேயாம்.

அந்நீர் யாது என்பதனைத் தாம்பரத்துக்கு வடமேற்கே அணித்தாயுள்ள குன்றத்தூரிற் பிறந்த பெரியார் ஒருவர் நமக்குச் செய்துகாட்டியுள்ளார். அநபாய சோழ வேந்தன் சீவக சிந்தாமணியின் சுவையில் ஆழ்ந்து அதனையே கேட்டுக்கொண்டிருந்தான் என்றும், அவன்றன் அமைச்சராகிய சேக்கிழார் பெருமான் அது கண்டு அவனைத் திருப்பினார் என்றும் சேக்கிழார் புராணம் கூறும். ஈண்டு ஒன்று தெளிவுறல் வேண்டும். சிந்தாமணி இலக்கியச் சுவையிற் குறைபாடுடைய நூலன்று. திருவாவடுதுறை ஆதீனத்திற் பயின்ற சாமிநாதையரே அதனை 1887ஆம் ஆண்டில் அச்சிட்டு உலகுக்கு வழங்கினார். வேந்தன் தன் சார்பை மறந்து அதனுள் ஆழ்ந்தமையே சேக்கிழார் கண்ட நோய்.

அந்நோய்க்கு அவர் செய்த மருந்தை நோக்குமின். ஏட்டைப் பறித்தாரல்லர், எரித்தாரல்லர், அவையோர் முன் வேந்தனை இகழ்ந்தாருமல்லர். இது பயன்றராது என்று கூறி, வேந்தன் பயன்றருங் கதை யாது என வினவும்வண்ணம் அவனுள்ளத்தே வேட்கையை எழுப்பினார். எழுந்த வேட்கைக்கு, சுந்தரமூர்த்தி நாயனார் தொகுத்ததும் நம்பியாண்டார் நம்பி வகுத்ததுமாகிய அடியார் வரலாற்றை உணவாக வைத்தார். பின்னர் வேந்தன் வேண்டத் தில்லை சென்று, அதனையே விரிநூலாகப் பாடினார். கதைகேட்கும் வேட்கையை அவர் அறுத்திலர்; அதன் முகத்தை மாற்றினார். பற்றற்றானைப் பற்றுதலே பற்றுவிடுதற்கு வழி என்று திருவள்ளுவனார் துறவதிகாரத்திறுதியில் வைத்த கருத்தும் இதுவேயாம். சார்பின்றி நில்லாத உயிரிடம், சார்பை விடுக என்று மட்டும் கூறுதல், நீந்தத் தெரியாதான் பற்றிய கட்டையைப் பறித்துவிட்டுக் கரையேறுக என்பதனோடொக்கும்.

இதனை யாம் நூலிற் கற்று நாற்பதாண்டு பிறர்க்குப் போதித்தேம். ஆயினும் அறிந்தது எம் இல்லத்திலேதான்.

எம் பேரன் பதினைந்து அகவையினன். இரவு இரண்டு மணிக்குப் போர்வையினுள் நீலவொளி தெரியக் கண்டேம். பள்ளியில் உறங்கினான், மதிப்பெண் தாழ்ந்தது, உணவுக்கு அழைப்பின் சீறினான். அவன் தந்தை கைப்பேசியைப் பறித்து இரும்புப்பேழையிற் பூட்டினார். இருநாள் அவன் உண்டிலன். மூன்றாம்நாள் நண்பனொருவனிடம் பழைய கைப்பேசியொன்றை இரந்து பெற்றுக் குளியலறையுள் மறைந்து நோக்கினான். யாம் அவனை அழைத்து, கைப்பேசிப் பைத்தியமே என விளித்து, ஒரு நாழிகை பாசத்தின் கொடுமையை விரித்துரைத்தேம். அவன் தலைகவிழ்ந்து கேட்டிருந்து, ஈற்றில், "தாத்தா, விடியலில் எழுந்ததும் நீங்கள் முதலில் எடுப்பது திருநீறா, கைப்பேசியா?" என்று வினவினான்.

யாம் விடையிறுத்திலேம். அவன் வினா மெய்யாயிருந்தது. எம் மாணாக்கர் எம் விரிவுரைகளைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றத் தொடங்கியபின், எத்துணையர் கண்டனர் என்று நோக்குதல் எமக்கு வழக்கமாயிற்று. இருநூற்றுவர் கண்ட நாளில் உவகையும், நாற்பதின்மர் கண்ட நாளில் அயர்வும் உற்றேம். ஒருநாள், உடன்பயின்ற புலவரொருவரைக் குறித்து எள்ளலாகச் சிலசொற் கூறினேம். அதனை ஆயிரவர் கண்டனர். அடுத்த விரிவுரைக்கு ஏடு புரட்டும்போது, இதன்கண் எள்ளற்குரிய இடம் யாது என்று எம் மனம் தேடிற்று. ஐம்பதாண்டு எழுந்தவுடன் சிவனை நினைந்த வாய், எண்ணை நினைந்து எழுந்தது. புறாவுக்கும் எமக்கும் வேற்றுமை யாது?

அன்றிரவு சிவஞானபோதத்து எட்டாம் சூத்திரப்பொருள் எமக்குப் புதிதாய் விளங்கிற்று. அரசன் மகன் ஒருவன் வேடரிடை வளர்ந்து, தன்னை வேடன் என்றே எண்ணி அயர்ந்திருப்ப, தந்தை வந்து நீ என் மகன் என உணர்த்தி அழைத்துக்கொண்டாற்போல, ஐம்புலவேடரிடை அயர்ந்த உயிர்க்கு இறைவனே குருவாய் வந்து அதன் உண்மையை உணர்த்துகின்றான் என்பது அதன் பொருள். அவ்வரசன் வேடச்சேரிக்கு வந்து, ஏ வேடனே என விளித்தானல்லன். மகனே என விளித்தான். அவ்விளியே மருந்து. யாமோ எம் பேரனைப் பைத்தியம் என விளித்து, அவன் ஏலவே எண்ணியிருந்த இழிவை உறுதிப்படுத்தினேம். நோயாளனை நோயின் பெயரால் விளிக்கும் மருத்துவன் நோயின் பக்கத்தே நிற்கின்றான்.

மறுநாள் அவனிடம் எம் குற்றத்தை ஒப்புக்கொண்டேம். இருவேம் ஒரு நியமம் செய்துகொண்டேம். அம்முறையினையே அன்பர்க்கும் கூறுதும்.

முதலாவது, இடமாற்றம். 1928ஆம் ஆண்டில் டாக்டர் சவுரிமுத்து தாம்பரத்திற் காசநோயாளர்க்கென நலநிலையம் நிறுவியபோது, அந்நோயை நேரே அழிக்கும் மருந்து கண்டுபிடிக்கப்பட்டிலது. நல்ல காற்றும், ஓய்வும், உணவும், நோய் வளர்ந்த சூழலினின்று நீங்குதலுமே அன்றைய மருத்துவம். சானடோரியம் என்று இன்றும் இரயில் நிலையம் தாங்கும் பெயர் அதன் நினைவே. அங்ஙனமே, மாலைவிளக்கேற்றும் நேரந்தொட்டு மறுநாட் காலைவழிபாடு முடியுங்காறும் எங்கள் இல்லத்துக் கைப்பேசிகளெல்லாம் கூடத்திலுள்ள ஒரு மரப்பெட்டியிற் கிடக்கும். பேரனது கைப்பேசி மட்டுமன்று. எமதும், அவன் தந்தையதும், தாயதும் கிடக்கும். விடியலில் எழுப்புதற்கு ஒரு மணிப்பொறி வாங்கினேம். பெரியோர் நீங்கச் சிறார்க்கு மட்டும் விதிக்கப்படும் நியமம் நியமமன்று, தண்டமாம்.

இரண்டாவது, மாற்றுச் சார்பு. வெறும் பொழுதை வைத்துக்கொண்டு ஒருவன் வாளா இருத்தல் இயலாது. ஞாயிறுதோறும் பேரனும் யாமும் மாடம்பாக்கத்துத் தேனுபுரீசுவரர் திருக்கோயிலுக்குச் செல்கின்றேம். தொடக்கத்தில் அவன் வெறுப்போடு வந்தான். ஆண்டுப் புல்செதுக்கும் அன்பர் சிலரோடு ஒருநாள் அவனைக் கூட்டினேம். கைக்கு வேலையும், உடன்வியர்க்கும் தோழரும் கிடைத்தபின் எம்மை அவனே அழைக்கலானான். சிவஞானபோதத்து ஈற்றுச் சூத்திரம் அடியார் இணக்கத்தையும் ஆலய வழிபாட்டையும் விதித்தது முத்தர்க்கேயன்றோ எனின், முத்தர்க்கே அச்சார்பு வேண்டுமாயின் நம்மனோர்க்கு எத்துணை வேண்டும் என்பதை எண்ணுக.

மூன்றாவது, நெடும்படிப்பு. குறுங்காட்சியாற் சிதறிய மனம் நெடியதொன்றைப் பற்றிப் பழகுதல் வேண்டும். 1911ஆம் ஆண்டு முதல் 1950ஆம் ஆண்டில் மறையுங்காறும் பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகள், ஆயிரக்கணக்கான நூல்களைத் திரட்டிக் கற்றவர். அவர் வாழ்ந்த ஊர் வழியே நாள்தோறும் செல்லும் நாம் பத்துப் பக்கமேனும் இடையீடின்றிப் படித்தல் இயலாதோ? பெரியபுராணத்தில் நாளைக்கு ஒரு நாயனார் வரலாறாகப் படிக்கத் தொடங்கினேம். முதலில் அரைநாழிகையும் அவன் மனம் நின்றிலது. இப்பொழுது, கண்ணப்ப நாயனார் வரலாற்றை இடையே நிறுத்தினால் வருந்துகின்றான்.

நான்காவது, மருத்துவரை நாடுதல். உறக்கம் முற்றுங் கெடுதல், தனித்தொடுங்குதல், உயிரை வெறுத்துப் பேசுதல் ஆகிய குறிகள் தோன்றின், வழிபாடே போதும் என்று காலந்தாழ்த்தல் பெரும்பிழையாம். பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் என்னும் தேசிய நிறுவனம் 2014ஆம் ஆண்டிலேயே இவ்வகை அடிமைநிலைக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கியது. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அரசினர் மனநலக் காப்பகம் உளது. 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் என்னும் உதவியில் 14416 என்னும் எண்ணிற் கட்டணமின்றிப் பேசலாம். மருத்துவனும் இறைவன் திருவருளின் கருவியே. அவனிடம் செல்லுதல் பத்திக் குறைவன்று.

இத்துணையுஞ் செய்தபின் நோய் நீங்கிற்றோ எனின், மெய் கூறுதும்: முற்றும் நீங்கவில்லை. மூன்று முறை பேரன் பெட்டியினின்று கைப்பேசியை இரவில் எடுத்தான். இருமுறை யாமும் எடுத்தேம். முன்னாளாயின் இதனைத் தோல்வியென்று கைவிட்டிருப்பேம். ஒன்பதாம் சூத்திரத்து உரையிடத்து மெய்கண்டார் கூறிய உவமை எம்மைத் தேற்றிற்று. வேம்பைத் தின்று பழகிய புழு, கரும்பின் சுவையறிந்த பின்னரும் பழக்கவயத்தால் வேம்பினையே நாடும். ஞானம் விளங்கப்பெற்ற உயிரும் முன் நோக்கியதையே மீள நோக்கி நிற்கும். அதனை நீக்குதற்கே ஐந்தெழுத்தை விதிப்படி ஓதுக என்றார். மீளவும் வீழ்தல் உயிரின் பழக்கம் என்பதனை ஆசிரியர் முன்னரே அறிந்திருந்தார். அதற்கு அவர் விதித்த மருந்து வெகுளியன்று, தண்டமன்று, நாணமுமன்று. நாள்தோறும் மீண்டும் மீண்டும் ஓதுதலாகிய பயிற்சியே. கை கைப்பேசிமேற் செல்லும்போதெல்லாம் ஒருமுறை திருவைந்தெழுத்தை ஓதிப் பின் எடுக்க என்று இருவேமும் உடன்பட்டேம். பலகால் ஓதிய பின்னர் எடுத்தேம். சிலகால் ஓதியபின் எடுத்தற்கு மனமெழவில்லை. அச்சிலகால் இப்பொழுது மிகுகின்றது.

முடிவாக, மடங்களிலுள்ள பெரியோர்க்கும் எம்போற் புலவர்க்கும் ஒரு விண்ணப்பம். நம் விரிவுரைகளும் விழாக்களும் இன்று ஊடகவழியே உலகெங்கும் செல்கின்றன, அஃது ஆகுக. ஆனாற் கண்டோர் தொகையை மேடையிற் படித்தலும், அத்தொகைக்கேற்பப் பொருளை மெலிவித்தலும், பிற மடத்தாரையும் பிற புலவரையும் இகழ்ந்து கூட்டஞ் சேர்த்தலும் வேண்டா. சைவத்தின் பெயரால் வெகுளியை வளர்க்கும் காட்சி வெகுளியையே வளர்க்கும்; சைவத்தை வளர்க்காது. நாம் வேடச்சேரியில் வேடராயிருந்துகொண்டு அரசன் மகனை எங்ஙனம் அழைத்தல் கூடும்? எம் பேரனை உலகம் எந்நேரமும் ஆயிரம் பெயரால் விளிக்கின்றது. அவனைச் சிவன் மகனே என விளிக்க ஒரு குரலாவது எஞ்சியிருத்தல் வேண்டும். அக்குரல் நம்முடையதாதற்கு முதலில் நம் கை ஒழிவுற்றுக் குவிதல் வேண்டும்.

அதற்குத் திருவருள் துணைநிற்க.

திருச்சிற்றம்பலம்.